திருகோணமலை உப்புக்காற்றில் கார்: வக்ஸா, சீலண்டா, செரமிக்கா, அடிப்பக்கமா?

திருகோணமலையில் காரின் வெளிப்புறத்துக்குக் காசு செலவழிக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பொனட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மினுக்கம் போய்விட்டது, செரமிக் பூச்சுப் போடலாமா, வக்ஸ் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் குனிந்து பார்க்கச் சொல்வேன். கதவின் கீழ் விளிம்பு, ரயருக்கு மேலே மட்கார்ட் உள்ளே மடிந்திருக்கும் ஓரம், பின் பம்பருக்குக் கீழே தகடும் தகடும் சேரும் இடம். இந்த ஊரில் ஒரு கார் எத்தனை வருடம் தாங்கும் என்பதை அந்த இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. மேலே மங்கிய பெயின்றைப் பொலிஷ் பண்ணிச் சரிப்படுத்தலாம். கீழே கறள் தின்ற தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு ஒட்டி, டிங்கர் வேலை முடித்து, பெயின்ற் அடிக்க வேண்டும். அப்படிச் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே கறள் திரும்பவும் தலைகாட்டுவதும் உண்டு.

இலங்கையில் கார் என்பது சில வருடம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளும் பொருள் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய ஆல்டோவும் விட்ஸும் வேகன் ஆரும் வாங்கிய விலையைவிடக் கூடக் கைமாறின. இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கட்டிப் புதுக் கார் எடுப்பது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. ஆகவே இருக்கிற காரைக் காப்பாற்றுவது வீட்டுக் கணக்கோடு சம்பந்தப்பட்ட விஷயம். எந்தக் காசு எந்த இடத்தில் பயன் தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

இந்த ஊர் காருக்கு என்ன செய்கிறது

இங்கே வருடம் இரண்டாகப் பிரிகிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். காய்ந்த காற்று, கடும் வெயில், தரைப்பக்கத்துப் புழுதி. ஒக்டோபர் போக வாடை திரும்பிவிடும். காற்று கடலிலிருந்து வரும், மழையும் ஜனவரி வரை கூடவே வரும். கச்சான் காலத்தில் அடி வாங்குவது மேற்பரப்பு: பெயின்ற், ஹெட்லைட், கறுப்புப் பிளாஸ்ரிக், கண்ணாடியோரத்து றபர். வாடைக் காலத்தில் அடி வாங்குவது உலோகம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உப்பும் ஊர் முழுக்க ஒரே அளவில் விழுவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள்தான் காற்றோடு உப்பாக வருகின்றன. டச் பே, உப்புவெளி, நிலாவெளி எல்லாம் திறந்த கடலைப் பார்த்த கரைகள், அங்கே அலை உடைகிறது. உட்துறைமுகத்தில் நீர் அமைதியாகக் கிடக்கிறது. ஆகவே உட்துறைமுக வீதியில் நீருக்கு மிகக் கிட்ட நிற்கும் கார்கூட, உப்புவெளிக் கரையோர விடுதி வாசலில் நிற்கும் காரைவிடக் குறைவான உப்பையே வாங்குகிறது. கரையிலிருந்து சில நூறு மீற்றர் உள்ளே போனாலே உப்பு வேகமாகக் குறைந்துவிடும். வாடை பலமாக அடிக்கும் நாளில் உவர்மலை வீட்டுக் கண்ணாடியிலும் பிசுபிசுப்பு படியும்தான். ஆனாலும் கம்பளைக்காரருக்கோ கண்டிக்காரருக்கோ பொருந்தும் ஆலோசனை இங்கே பொருந்தாது, கரையோர அலஸ்தோட்டத்துக்குச் சொல்வது வயற்பக்கத் தம்பலகாமத்துக்கு அப்படியே பொருந்தாது.

கடல் உப்பில் நாம் கறிக்குப் போடும் சோடியம் குளோரைட் மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. சோடியம் குளோரைட் காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். திருகோணமலையில் பல இரவுகளில் ஈரப்பதன் இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டிவிடும். ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் தகட்டின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும், கறளும் இரவு முழுக்க வேலை செய்யும்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போர்ட்டிகோவுக்குள் நிற்கும் கார் வெயிலிலிருந்து தப்புகிறது, உப்பிலிருந்து தப்புவதில்லை. வெளியே நிற்கும் காரின் உப்பை மழை கழுவிக்கொண்டு போகும். கூரைக்குக் கீழே நிற்பதற்கு அந்த மழையும் இல்லை. ஆகவே கரையோரத்தில் போர்ட்டிகோ வைத்திருப்பவர் வெளியே நிறுத்துகிறவரைவிட ஒழுங்காகத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

காரை மூடும் கவர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திறந்த இடத்தில், காற்றடிக்கும் ஊரில், கழுவாத காரின் மேல் கவர் போட வேண்டாம். துணிக்கும் பெயின்றுக்கும் இடையில் மணல் சிக்கும், காற்றில் கவர் அசைய அசைய மணல் தேய்க்கும், ஈரமும் உள்ளே அடைபட்டு நிற்கும். நாலு கம்பு நட்டுக் கிடுகுக் கொட்டில் போட்டால் அதைவிட எவ்வளவோ மேல். நிழலும் கிடைக்கும், காற்றும் ஓடும்.

கழுவுவது வீட்டிலா, சேர்விஸ் ஸ்டேஷனிலா?

இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். ஒவ்வொன்றிலும் நல்லதாகக் கிடைப்பது வேறு.

சேர்விஸ் ஸ்டேஷனில் கிடைக்கும் பெரிய நன்மை, காரைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கழுவ முடிகிறது. வீட்டில் ஹோஸ் பைப்பைக் கீழே நீட்டினால் தண்ணீர் போகாத மூலைகளுக்கெல்லாம் அங்கே அழுத்தத்தோடு போகும். ஆனால் மேற்பக்கத்தைத் துடைக்கும் துணிதான் அங்கே பிரச்சினை. காலையில் சிமெந்துத் தூசியோடு வந்த வானைத் துடைத்த அதே துணி, அதே வாளி, மத்தியானம் உங்கள் கறுப்புக் காரின் மேல் ஓடும். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படிக் கழுவும்போது விழுபவைதான். பெயின்றின் மேலே இருக்கும் தெளிந்த வார்னிஷ் படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான், ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. மணலில் உள்ள குவார்ட்ஸ் அதைவிடப் பலமடங்கு கடினமானது. புல்மோட்டைப் பக்கம் அடிக்கடி போய் வருகிறவர்களின் காரில் படியும் கருமணலில் இல்மனைட்டோடு சிர்கோன் என்ற கனிமமும் இருக்கும். சிர்கோன் குவார்ட்ஸைவிடவும் கடினம்.

அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான். சேர்விஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கம், ரயர்க் குழி, சில்லு மூன்றையும் கழுவிக்கொள்ளுங்கள். மேற்பக்கத்துக்கு ஷாம்பூ நுரையும் தண்ணீரும் மட்டும் போதும், துடைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து சொந்தத் துணியால் துடையுங்கள். அல்லது கொஞ்சம் வேகமாக ஓட்டிக் காற்றில் உலர விட்டாலும் குற்றம் இல்லை. அழுத்தக் குழாயைப் பெயின்றிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கல் பட்டுத் தெறித்த இடத்தில் கிட்டப் பிடித்தால் பெயின்ற் உரிந்து வரும். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் காரென்றால் அடியில் ஓடும் செம்மஞ்சள் வயர்களின் இணைப்புகளை நோக்கி நேராக அடிக்க விட வேண்டாம்.

சில இடங்களில் கழுவி முடித்து, அடிப்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஒயிலையோ டீசல் கலந்த ஒயிலையோ அடித்து விடுகிறார்கள். கறள் பிடிக்காது என்று நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாவித்த ஒயிலில் அமிலத் தன்மை சேர்ந்திருக்கும், கீழே உள்ள றபர் புஷ்களை அது ஊதிப் பழுதாக்கும், புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டுவது நம் முற்றத்து மண்ணிலும் கிணற்றடியிலும்.

வீட்டில் கழுவுவதற்குப் பெரிய உபகரணம் தேவையில்லை. இரண்டு வாளி, கார் ஷாம்பூ, மைக்ரோபைபர் கையுறை ஒன்று, உலர்த்த ஒரு தடித்த மைக்ரோபைபர் துணி. முதலில் வெறும் தண்ணீரால் மணலையும் உப்பையும் இறக்க வேண்டும். இதுதான் முக்கியமான கட்டம், இதைத்தான் எல்லாரும் அவசரமாக முடிக்கிறார்கள். பிறகு ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். கூரையிலிருந்து கீழே வாருங்கள், கதவின் கீழ்ப்பகுதியும் சில்லும் கடைசி. பாத்திரம் கழுவும் திரவம், உடுப்புக் கழுவும் பவுடர் இரண்டும் வேண்டாம். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வக்ஸை அவை வேகமாகக் கரைத்துவிடும்.

தண்ணீர் எது என்பது இந்த ஊரில் தனிக் கேள்வி. நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர். கரையோரக் கிணறுகளில் பலவற்றில் நீர் சவர், அல்லது உலர்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும் கடின நீர். வாயில் வைத்தால் உப்புத் தெரியும் கிணற்று நீரால் காரைக் கழுவவே வேண்டாம், அடிப்பக்கத்துக்கு அடிப்பது அதைவிட மோசம். உப்பில்லாத, ஆனால் கடினமான நீரென்றால் கழுவலாம். கடைசி அலசலை மட்டும் குழாய் நீரில் செய்து உடனே துடைத்துவிட வேண்டும். வெயிலில் நின்று சூடாக இருக்கும் தகட்டில் எந்த நீரும் புள்ளியாகத்தான் காயும். காலை ஏழு மணிக்கு முன்னால், அல்லது பொழுது சாய்ந்த பிறகு.

தண்ணீர் இல்லாமல் ஸ்பிரே அடித்துத் துடைக்கும் முறையும் கடைகளில் விற்கிறார்கள். கொழும்பில் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நிற்கும் காருக்கு அது சரியாக இருக்கலாம். மணலும் உப்பும் படிந்த காரில் அதைச் செய்வது மணலைக் கையால் தேய்ப்பதுதான். திருகோணமலைக்கு அது வேண்டாம், பறவை எச்சம் மாதிரி ஒரு சிறு இடத்தை அகற்ற மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவுக்கு ஒருமுறை? வாடைக் காலத்தில் கரையோரம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வெறும் தண்ணீராவது அடிக்க வேண்டும், மாதம் ஒருமுறை அடிப்பக்கம். கச்சான் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நிலாவெளி மணலில் இறக்கி ஓட்டியிருந்தால் கால அட்டவணையைப் பார்க்காமல் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

சின்னதாகத் தெரியும் பெரிய ஆபத்துகள்

பறவை எச்சம் பெயின்றை அரிப்பது அதன் அமிலத்தால் மட்டும் இல்லை. வெயிலில் வார்னிஷ் இளகி விரிகிறது, எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகுகிறது, பொழுதுபட வார்னிஷ் சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்திலேயே படிந்துவிடுகிறது. ஆகவே காலையில் விழுந்ததை மத்தியானத்துக்கு முன் எடுத்துவிட்டால் தழும்பு இல்லை. நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊற விட்டு எடுக்க வேண்டும். மாமரத்துக்குக் கீழே நிறுத்துகிறவர்களுக்குப் பூக்கும் காலத்தில் பிசின் துளிகளும் இப்படித்தான்.

புதுக் கார் எடுத்ததும் பத்திரகாளி அம்பாள் கோவிலுக்கோ கோணேசர் கோவிலுக்கோ கொண்டுபோய்ப் பூசை செய்வது நம் வழக்கம். பொனட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் வெள்ளைக் காரில் கறையாகத் தங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சளைச் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் காரத் தன்மை கொண்டது, வெயிலில் கிடந்தால் வார்னிஷில் இறங்கும். ஐயரிடம் கேட்டால் பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்துத் தருவார். பொனட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் வைக்கட்டும். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மெதுவாகத் தண்ணீரால் கழுவிவிட்டால் பூசைக்கும் குறையில்லை, காருக்கும் குறையில்லை.

டிக்கியில் மீன் பெட்டி கொண்டுபோகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஐஸ் கரைந்து வடியும் தண்ணீரில் உப்பும் இரத்தமும் இருக்கும். அது விரிப்புக்குக் கீழே, ஸ்பெயர் வீல் குழிக்குள் இறங்கி நிற்கும். வெளியே செரமிக் போட்டுப் பளபளக்கும் கார் உள்ளேயிருந்து ஓட்டை விழும். பெட்டிக்குக் கீழே விளிம்புள்ள தட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

சிமெந்துத் தூசி படிந்தால் காய்ந்த துணியால் தட்டக்கூடாது. நிறையத் தண்ணீரால் இறக்க வேண்டும். ஈரப்பட்டு இறுகிய துளிகள் இருந்தால் தண்ணீர் கலந்த வினாகிரியில் தோய்த்த துணியைப் போட்டு ஊற வைத்தால் கரைந்து வரும். பிறகு ஷாம்பூவால் கழுவிவிட வேண்டும்.

மேற்பூச்சு: நாலு தெரிவுகள்

வக்ஸ் என்றால் நல்லது கார்னோபா வக்ஸ். பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுப்பது. கறுப்பு, சிவப்பு, கடும் நீலக் கார்களில் அது தரும் ஆழமான மினுக்கத்தை வேறு எதுவும் தருவதில்லை என்பது என் எண்ணம். விலை குறைவு, கையால் பூசலாம், தவறாகப் பூசினாலும் துடைத்துவிடலாம். குறை என்னவென்றால், நம் வெயிலிலும் அடிக்கடி கழுவுவதிலும் அது ஒரு மாதம், கூடினால் ஒன்றரை மாதம் நிற்கும். கல்யாண வீட்டுக்கு முன்னால், திருவிழாவுக்கு முன்னால் போடுவதற்கு அருமை. வருடம் முழுக்கக் காப்பதற்கு அதை நம்பினால் மாதாமாதம் சனிக்கிழமை காலையைக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை விரும்பிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதுதான் சரி.

செயற்கை சீலண்ட் என்பது பொலிமர் பூச்சு. வக்ஸ் மாதிரியே கையால் பூசுவதுதான், ஆனால் நாலு முதல் ஆறு மாதம் நிற்கும். இப்போது சிலிக்கா கலந்த ஸ்பிரே சீலண்ட்களும் வருகின்றன. கழுவி முடித்து, ஈரத்தோடோ உலர்த்தியோ, அடித்துத் துடைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். மினுக்கம் வக்ஸைவிடக் கொஞ்சம் கண்ணாடித் தன்மையாக இருக்கும். வெள்ளை, வெள்ளிக் கார்களில் வித்தியாசமே தெரியாது, நம் வீதிகளில் அந்த நிறங்கள்தானே நிறைய ஓடுகின்றன.

செரமிக் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் வார்னிஷின் மேல் பிணைந்து இறுகி, ஒன்றிரண்டு மைக்ரோன் அளவில் ஒரு படலமாக நிற்கிறது. இரண்டு மூன்று வருடம் நிற்கக்கூடியது. தண்ணீர் உருண்டோடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும், புற ஊதாக் கதிருக்கும் எச்சத்துக்கும் ஓரளவு தடுப்பு. இதெல்லாம் உண்மை. விற்கும்போது சொல்லப்படும் 9எச் கடினம் என்பது பென்சில் கூர் வைத்து அளக்கும் அளவு. கல் தெறித்தால் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மணல் ஒட்டிய துணி பட்டால் செரமிக்கும் கீறும்.

நம் ஊரில் செரமிக்குக்கு மூன்று சிக்கல்கள். கடின நீர் செரமிக்கின் மேல் முத்து முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வட்டம் விட்டுப்போகும். கிணற்று நீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில் இது பெரிய தலையிடி. அடுத்தது, பூசுவதற்கு முன் பெயின்றை, காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) சுத்தம் செய்து, பொலிஷ் பண்ணி, கீறல்களை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறல்களை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகும். வேலையின் பெறுமதி பூச்சில் இல்லை, இந்த முன்வேலையில்தான் இருக்கிறது. யார் செய்கிறார் என்று பார்த்துக் கொடுங்கள், எந்தப் போத்தல் என்று பார்த்து அல்ல. கடைசியாக, பூசிய பிறகு முதல் நாள் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூவால் கழுவக்கூடாது. கொழும்பில் போட்டுக்கொண்டு அன்றிரவே ஹபரணை, கந்தளாய் வழியாக வந்தால் காட்டுப் பூச்சிகள் முழுவதும் இறுகாத பூச்சில் ஒட்டும். போடுவதென்றால் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், கொழும்பில் ஒரு நாளாவது காரை விட்டுவிட்டு, பகலில் ஓட்டி வாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், செரமிக் கறளைத் தடுக்காது. அது பெயின்றின் வெளிமுகத்தில் இருக்கிறது. கறள் தொடங்குவது பெயின்ற் இல்லாத மடிப்புகளில், கதவுக்குள்ளே, அடியில். செரமிக் போட்டாயிற்று, இனிக் கழுவத் தேவையில்லை என்று நினைக்கிறவரின் கார்தான் இந்த ஊரில் முதலில் ஓட்டை விழும்.

பீ.பீ.எஃப் என்பது பொலியூரித்தேன் படலம், 150 முதல் 200 மைக்ரோன் வரை தடிப்பு. கல் தெறிப்பை உண்மையாகத் தாங்குவது இது மட்டும்தான். முழுக் காருக்கும் போடுவது நம் கார்களுக்குப் பொருத்தமில்லாத செலவு. வாரத்துக்கு வாரம் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ லொறிகளுக்குப் பின்னால் ஓடுகிறவர் முன் பம்பர், பொனட்டின் முன்பாதி, பக்கக் கண்ணாடிகளின் முதுகு இந்த மூன்றுக்கு மட்டும் போடலாம். ஓரம் எழும்பினால் உப்பும் அழுக்கும் உள்ளே போகும், அதை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

என் தெரிவு சீலண்ட். வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் கடைசியில் கச்சானுக்கு முன், ஒக்டோபர் தொடக்கத்தில் வாடைக்கு முன். ஒரு செரமிக் வேலைக்குப் போகும் காசில் பல வருடத்துச் சீலண்டையும் அடிப்பக்கக் கழுவல்களையும் வாங்கிவிடலாம். வேலையும் சிக்கலில்லை, ஒரு காலைப்பொழுது போதும். ஹெட்லைட்டையும் மறக்காமல் அதே சீலண்டால் பூசிவிட்டால் மஞ்சளாவது பிந்தும்.

அடிப்பக்கம்: கறுப்புத் தாரா, மெழுகா?

அடிப்பக்கத்துக்கு இரண்டு வகைப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஒன்று தார் அல்லது றபர் கலந்த கறுப்புப் பூச்சு. காய்ந்து இறுகும், கல் தெறிப்பைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும், பார்க்கவும் புதிதாக இருக்கும். மற்றது காயாமல் மெழுகுத் தன்மையோடே இருக்கும் வகை, மெழுகு எண்ணெயோ செம்மறியாட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினோ. இது பார்க்க அழகில்லை, கை பட்டால் ஒட்டும், வருடம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

புதுக் காரின் சுத்தமான அடிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு நன்றாகவே வேலை செய்யும். பழைய காரில்தான் ஆபத்து. கறளைச் சரியாக நீக்காமல் அதன் மேல் அடித்தால் கறள் உள்ளே தொடர்ந்து வேலை செய்யும், வெளியே ஒன்றும் தெரியாது. பூச்சு வெடித்த இடத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே வர வழியில்லை. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வரும்போதுதான் தெரியவரும், அப்போது காலம் கடந்துவிட்டது. ஜப்பானில் பாவித்து வந்த கார்களுக்கு நான் கறுப்புப் பூச்சைச் சொல்லவே மாட்டேன். பனிப் பிரதேசத்தில் ஓடியதென்றால் வீதியில் போடும் உப்பை ஏற்கெனவே வாங்கியிருக்கும்.

மெழுகு வகை வெடிப்பதில்லை. மடிப்புகளுக்குள் மெதுவாக ஊர்ந்து போகும், ஏற்கெனவே மெல்லிய கறள் இருந்தாலும் ஈரத்தையும் காற்றையும் தள்ளி வைத்து அதன் வேகத்தைக் குறைக்கும். கீழே மட்டும் அடித்தால் போதாது. கதவுகளுக்குள்ளும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குள்ளும் மெல்லிய குழாய் விட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, இரண்டு நாளாவது காய விட்டு அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தைப் பூட்டியதாகிவிடும். பிரேக் டிஸ்க், சைலன்ஸர், றபர் புஷ் ஆகியவற்றின் மேல் படாமல் மறைக்கச் சொல்லுங்கள். செப்டெம்பர் இந்த வேலைக்கு நல்ல மாதம், காய்வதற்கு வெயில் இருக்கிறது, வாடைக்கு முன்னால் முடிந்தும்விடும்.

காசே செலவில்லாத ஒரு வேலை: கதவைத் திறந்து அதன் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவது அவற்றால்தான். மண்ணும் இலைத்தூளும் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு ஈர்க்கால் குத்திவிட்டால் சரி. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் வேப்பிலையும் பூவும் சேரும், அங்கேயும் வடிகால் உண்டு.

யாருக்கு எது?

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் வீடோ விடுதியோ இருப்பவர் முதலில் மெழுகு வகை அடிப்பூச்சுக்குக் காசை ஒதுக்க வேண்டும். பிறகு மாதாந்த அடிப்பக்கக் கழுவல். மிஞ்சினால் சீலண்ட்.

உவர்மலை, உட்துறைமுகப் பக்கம், அல்லது நகரத்துக்குள் இருப்பவருக்கு வருடம் இரண்டு சீலண்ட், வாடைக் காலத்தில் ஒழுங்கான கழுவல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடிப்பூச்சு போதும். வங்கியிலோ கச்சேரியிலோ வேலை செய்து, பகல் முழுக்கக் கார் வெயிலில் நிற்கிறதென்றால், பெயின்றின் மேல் கொஞ்சம் கூடுதலாக அக்கறை எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தவர்களுக்கு எதிரி உப்பைவிட வயல் சேறும் வெயிலும்தான். சேறு ரயர்க் குழிக்குள் காய்ந்து கட்டியாக நின்றால் அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே அங்கே தண்ணீரை நன்றாக அடிக்க வேண்டும். அடிப்பூச்சு அவசரமில்லை.

புதுக் கார், கடும் நிறம், வீட்டில் மூடிய கராஜ், குழாய் நீர், அடுத்த ஐந்து வருடம் விற்கும் எண்ணம் இல்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் செரமிக் போடுங்கள், சந்தோஷமாகப் போடுங்கள். அடிப்பூச்சையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

விற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கட் அண்ட் பொலிஷ், அதாவது மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கும் வேலை, பண்ணித்தான் காரைக் காட்டுகிறார்கள். அது ஒவ்வொரு முறையும் வார்னிஷில் சில மைக்ரோனை எடுத்துவிடும். எத்தனை முறை பண்ணினாலும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், பழைய காரில் ஓரங்களில் அடிநிறமே வெளியே வந்துவிடும். அந்தக் காசில் ஒருமுறை மெதுவான பொலிஷ், ஒரு சீலண்ட், அடிப்பக்கம் நன்றாகக் கழுவியது என்று பிரித்துச் செய்தால் போதும். வாங்க வருகிறவர் விபரம் தெரிந்தவரென்றால் டோர்ச் லைட்டோடு வருவார், கதவின் கீழ் விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்.